ஸ்டெப்னி இல்லாத மஞ்சள் கார்

அத்தியாயம் 5

“சேவிங் கிரீமுங்க” என்றார் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். “அந்தத் தம்பி கேட்டுக்கு வெளிய குத்தவெச்சு உக்காந்து, டயருக்குச் சேவிங் பண்ணீட்டு இருந்துச்சு. நானே பாத்தனுங்க.”

“பிளேடு என்ன கம்பெனின்னு பாத்தீங்களா?” என்றான் ஆல்வின்.

அன்புக்கரசி இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மதில் ஓரத்துப் பார்த்தீனியச் செடிகளை விலக்கி ஒரு காலி டப்பாவை எடுத்தாள். அதன் வாயில் வெள்ளை நுரை உறைந்துபோயிருந்தது.

அன்புக்கரசிக்கு ஐம்பத்திரண்டு வயது. துடியலூரில் ஒரு மாடி அறைதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் இருபது வருடம் கூரியர் கம்பெனியில், விலாசம் அழிந்துபோன பார்சல்களுக்கு ஆள் கண்டுபிடித்துக் கொடுத்தவள். ஆல்வின் அவளுடைய உதவியாள், டிரைவர், சம்பளம் வாங்கும் வாய்.

இன்று தொலைந்திருப்பது பார்சல் இல்லை. ஹாரிகா. ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. சூலூரின் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து காலை ஒன்பது பத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனவன் உதய். அவளுடைய தாய்மாமன். அவனிடம் இருப்பது இரண்டே பேர் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். போன் அணைக்கப்பட்டிருக்கிறது. இப்போது மணி பதினொன்றே கால்.

“மூணு வருசமா எங்களுக்குள்ள பேச்சே இல்லீங்க” என்றான் ஹாரிகாவின் அப்பா கவின். சூலூரில் நூல் மில் வைத்திருப்பவன். இஸ்திரி கலையாத சட்டை. கைகள் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. “மில்லுப் பாகப் பிரச்சினைல பிரிஞ்சது. வர்ற வாரம் பாப்பாவுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறோம். அவனைக் கூப்பிடலை. மடியில உக்கார வெக்கறதுக்கு வேற ஒரு மாமன் முறையைச் சொல்லியாச்சு. அந்தக் கோவத்துல என்ன வேணாலும் செய்வானுங்க.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“வேண்டாமுங்க. சொன்னா பேப்பர்ல வந்துரும். எங்க ஊட்டுப் பேரு எதுலயும் அடிபடக் கூடாது.”

சற்றுத் தள்ளி நின்ற அவர்களுடைய காரில் லோகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். ஹாரிகாவின் அம்மா. மகளுடைய புத்தகப் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள். தினமும் பத்தரைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்வாளாம். இன்று செய்தபோதுதான் குழந்தை இல்லாதது தெரிந்தது. அன்புக்கரசியைப் பார்த்ததும் வாய் திறந்தாள். கவின் திரும்பிப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்புக்கரசி அதைப் பார்த்தாள். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்காக அன்று மதியம் அவள் பட்ட பாட்டை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

“அந்தக் காருக்கு ஸ்டெப்னி எங்க இருக்கும்?” என்று கவினிடம் கேட்டாள்.

“அதுல ஸ்டெப்னியே கெடையாதுங்க. டிக்கில ஒரு மஞ்சப்பை வெக்கறதுக்கு எடமில்லை. காரோட ஒரு டப்பா குடுப்பாங்க. பஞ்சர் ஆச்சுன்னா அதை டயருக்குள்ள அடிச்சு, மெதுவா ஓட்டீட்டுப் போய்ச் சேரோணும்.”

“அத்தன பெரிய காருக்கு இத்தினிக்கூண்டு டப்பா” என்றான் ஆல்வின். “என்ற வண்டில ரெண்டு ஸ்டெப்னி இருக்குதுங்க. ரெண்டும் பஞ்சரு. இருந்தாலும் மனசுக்கு ஒரு தெம்பு.”

“டப்பா ஒண்ணுதான்?”

“ஒண்ணுதானுங்க.”

“அது இங்கயே தீந்துபோச்சு.” அன்புக்கரசி காலி டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள். “நுரை எத்தன தூரம் தாங்கும்?”

“எழுவது கிலோமீட்டர் வருமுங்க. மெதுவாப் போனா.”

“உங்க மச்சினன் மெதுவாப் போவாரா?”

கவின் உதட்டைப் பிதுக்கினான்.

“அப்ப எங்கயோ நின்னிருக்காரு. ஆல்வின், காரைத் தேடாத. டயரைத் தேடு.”

“அக்கா?”

“வளையலாட்டம் மெலிசான டயரு அது. ரோட்டோரப் பஞ்சர் கடைல கெடைக்காது. கோயமுத்தூர்ல ரெண்டு மூணு பேருகிட்டதான் இருக்கும். நம்ம போனை எடுக்காதவரு டயர்க்காரருக்குப் போன் பண்ணித்தானே ஆகோணும்?”

ஆல்வின் ஆறு கடைகளுக்குப் போன் போட்டான். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பணக்காரனுக்கு மாமன் மகனாக நடித்தான். ஆறாவது கடையில், அவிநாசி ரோட்டில், மீன் மாட்டியது.

“பத்தே முக்காலுக்குக் கேட்டாராம், அக்கா. சிங்காநல்லூர்ல பதினோரு மணிக் கரூர் பஸ்ஸுல ஏத்தி விட்டாச்சாம்.”

“எங்க இறக்கச் சொன்னாராம்?”

“அதைக் கண்டக்டர்கிட்டயே போன்ல பேசிக்கிட்டாராம். கடைக்காரருக்குத் தெரியாது. கண்டக்டர் பேரு நஞ்சுண்டன். ஓடற பஸ்ஸுல போனை எடுக்க மாட்டாராம்.”

நம் பக்கத்தில் இப்படித்தான். தறிக்கு வேண்டிய சாமான், கல்யாணப் பத்திரிகை, ஆட்டுக்கு மருந்து, எல்லாம் பஸ்ஸில் ஏறிப் போகும். விலாசம் கிடையாது, சீட்டு கிடையாது. கண்டக்டர் காதில் சொன்னால் போதும். சேர வேண்டிய கையில் சேர்ந்துவிடும்.

அன்புக்கரசி கவினிடம் திரும்பினாள். “நீங்க ஊட்டுக்குப் போங்க. யாருக்கும் போன் பண்ண வேண்டாம். நாங்க பின்னாடி வாரோம்னு தெரிஞ்சா, கிடைச்ச வண்டில புள்ளையத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவாரு. சத்தமில்லாம டயருக்குப் பின்னாடியே போறோம்.”

கவின் தலையாட்டினான். அவர்களுடைய கார் திரும்பும்போது, கண்ணாடிக்குப் பின்னால் லோகப்பிரியாவின் முகம் அன்புக்கரசியையே பார்த்துக்கொண்டு போயிற்று.

*

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ்ஸைப் பிடித்தபோது மணி பன்னிரண்டு இருபது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கடைசி சீட்டுக்குக் கீழே, செய்தித்தாள் சுற்றிய கருப்பு வட்டம் தெரிந்தது. இரண்டு பாட்டிமார் அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“டிக்கெட் எடுக்காம வர்ற ஒரே பிரயாணி” என்றான் ஆல்வின்.

அன்புக்கரசியின் போன் அடித்தது. புது எண். எடுத்ததும் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்குள்ளிருந்து மிகத் தாழ்ந்த ஒரு குரல்.

“நான் லோகப்பிரியாங்க. பாத்ரூம்ல இருந்து பேசறேன். அவருக்குத் தெரியக் கூடாது.”

“சொல்லுங்க, அம்மணி.”

“பாப்பாவுக்குச் சக்கரை இருக்குதுங்க. ஆறு மாசமாச்சு. காலைல ஏழரைக்கு ஊசி போட்டு அனுப்பினேன். ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடோணும். பத்தரைக்கு ஒருவாட்டி, பன்னெண்டரைக்குச் சோறு. இல்லீன்னா சக்கரை கீழ எறங்கீரும். மயங்கீருவா. டாக்டர் சொல்லீருக்காரு, அப்படியே உட்டா...” தண்ணீர்ச் சத்தம் இன்னும் பெரிதாயிற்று. “டிபன் டப்பா அந்தப் புத்தகப் பையிலயே, எங்கிட்டயே இருக்குதுங்க.”

“உதய்க்குத் தெரியுமா?”

“யாருக்குமே தெரியாதுங்க. பொட்டப்புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்கன்னு அவரு சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எங்க அம்மாவுக்கே சொல்லலை. எந்தம்பி கோயலுக்குத்தான் கூட்டீட்டுப் போயிருப்பான். அவன் மடில வெச்சுக் காது குத்தறேன்னு எப்பவோ வேண்டியிருக்கான். சாமி கும்பிடற வரைக்கும் புள்ளைக்கு ஒண்ணும் குடுக்க மாட்டானுங்க. அதுதான் எங்க வழக்கம்.”

“மயங்கிட்டா என்ன குடுக்கோணும்?”

“சக்கரைதாங்க. உடனே. கன்னத்துக்குள்ள தேச்சுவிடச் சொன்னாரு.”

கதவு தட்டப்படும் சத்தம். போன் நின்றது.

சத்தமில்லாமல் போகலாம் என்று சொன்னது அவள்தான். ஒரு மணி நேரமாக அந்தக் குழந்தையை நோக்கிப் பூனைபோல நடந்து வந்திருக்கிறாள்.

நஞ்சுண்டன் விசிலைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, அந்த டயர் எங்க இறங்குது?”

“அது உங்களுக்கு எதுக்குங்க? கொடுத்தவரு கொடுத்தாரு, வாங்கறவரு வாங்கிக்குவாரு. நடுவுல நான் வாயைத் தொறக்கறதில்லை. இருபத்தாறு வருச சர்வீஸ்.”

“அவருகூட ஏழு வயசுப் புள்ள இருக்குது. சக்கரை வியாதி. அவருக்கு அது தெரியாது. புள்ள பட்டினியாக் கெடக்குது.”

நஞ்சுண்டன் விசிலைப் பைக்குள் போட்டார். பதிவாகியிருந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அணைந்திருந்தது.

“வெள்ளகோயலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால, பூவரசம்பாளையம் பிரிவு. செகப்புத் துண்டு காட்டறேன்னாரு. போங்க, போங்க. டயரை நான் அவருகிட்டத்தான் குடுப்பேன். புள்ளைய நீங்க பாருங்க.”

ஆல்வின் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான். இரண்டு பஞ்சர் ஸ்டெப்னிகளும் பின்னால் உருண்டு இடித்துக்கொண்டன. அன்புக்கரசி நூற்றெட்டுக்குப் போன் செய்து, பூவரசம்பாளையம் பிரிவுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். வெள்ளகோவில் வண்டி வேறு ஒரு விபத்துக்குப் போயிருக்கிறதாம். இருபது நிமிடமாகுமாம்.

ஆல்வின் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

*

ஊருக்குள் சாலை பிரியும் அந்தப் பிரிவில், வேப்பமர நிழலில் மஞ்சள் கார் நின்றது. இடது பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவு பூட்டவில்லை. சீட்டில் ஒரு சிவப்புத் துண்டு. அதனடியில் குட்டிப் பட்டுப் பாவாடை ஒன்று, கடை மடிப்புக் கலையாமல்.

“பக்கத்துல எவனாவது லாரிக்காரன் ஜாக்கி குடுத்திருப்பான்” என்றான் ஆல்வின். “சக்கரத்தக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு. எதுக்கு?”

“டயர் வந்தாலும் கைல மாட்ட முடியாதே. ரிம்மை மெஷின்ல வெச்சுத்தான் டயரை ஏத்தோணும். பஞ்சர் கடையத் தேடிப் போயிருக்காரு.”

செங்கல்லுக்குப் பக்கத்தில், மண்ணில், சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் யாரோ பூப்போல வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு வேப்பங்கொட்டையை வைத்திருந்தார்கள். அன்புக்கரசி ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு ஊருக்குள் போகும் மண்சாலையில் ஓடினாள்.

செம்மண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. சக்கரம் உருண்ட பட்டையான கோடு. பக்கத்தில் பெரிய ஷூ. அதற்குப் பக்கத்தில் சின்ன ஷூ. முதலில் சின்னக் கால்கள் துள்ளிக்கொண்டு போயிருந்தன. பிறகு அடிகள் நெருங்கின. பிறகு கோணல்மாணலாயின. ஓரிடத்தில் மண் கலைந்து கிடந்தது. உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து பத்து அடி. மறுபடி உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்கு மேல் சின்ன ஷூ இல்லை.

“அக்கா” என்றான் ஆல்வின்.

சாலையோரத்துக் கிளுவை வேலிக்குள் சக்கரம் கிடந்தது. பளபளக்கும் ரிம் முள்ளில் கீறி, குப்புறக் கிடந்தது.

“போட்டுட்டு ஓடிட்டான். நம்மளப் பாத்துட்டானாக்கும்.”

“இல்ல ஆல்வின். நம்மளப் பாத்தவன் ரோட்டுப் பக்கம் ஓடியிருப்பான், இல்லாட்டிக் காட்டுக்குள்ள ஓடியிருப்பான். இவன் ஊருக்குள்ள ஓடியிருக்கான். அடி பாரு, முன்பாதம் மட்டும் பதிஞ்சிருக்குது. கைல கனம்.” அவள் சக்கரத்தைக் காட்டினாள். “தங்கமாப் பாத்துக்கிட்ட காரோட சக்கரத்தை முள்ளுல எறிஞ்சுட்டுப் புள்ளையத் தூக்கிட்டு ஓடியிருக்கான். இவன் கடத்தல்காரன் இல்ல. புள்ள மயங்கிருச்சு.”

சாலை முன்னால் மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் வண்டித்தடம் போட்ட இறுகிய மண். கால் தடம் எதிலும் இல்லை. மூன்று பக்கமும் ஓட்டுக் கூரைகள். எந்தப் பக்கம்? ஆல்வின் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் ஓடலாம். மூன்றாவது பக்கம்?

அன்புக்கரசி நின்றாள். கண்ணை மூடினாள்.

“இங்க நின்னு என்ன பண்றீங்க, அக்கா?”

“காது குடு. இடது பக்கம் தறிச் சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

“நேரா?”

“அங்கயும் ஓடுது.”

“வலது பக்கம்?”

“அது சும்மா இருக்குது. அங்க தறி இல்லையாட்டம்.”

“அந்த நீளக் கூரையப் பாரு, தறிக்குடோன்தான். சாப்பாட்டு நேரம்னா மூணுமே நின்னிருக்கும்.”

“கரண்ட் போயிருக்கும்.”

“அதுக்குப் பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் தண்ணி கொட்டுது பாரு. கரண்ட் இருக்குது. கரண்ட் இருக்கும்போது தறிக்காரன் கையால தறிய நிறுத்த மாட்டான். அங்க என்னமோ நடந்திருக்குது. வா.”

*

குடோன் வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஹாரிகா. நெற்றி முழுக்க வியர்வை. உதடு வெளுத்திருந்தது. கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் உதய். முள் கீறிய கைகளால் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“வெயிலுங்க” என்றார் ஒருவர். “நெத்தில வெங்காயம் தேய்ங்க.”

“என்னமோ பாத்துப் பயந்திருக்குது” என்றார் இன்னொருவர்.

மடியில் வைத்திருந்த பெண் உம்மல் குல்சும். அந்தத் தறிக்குடோனில் தார் சுற்றுகிறவள், தறி நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள். “பசிமயக்கமாட்டம் தெரியுது. கொஞ்சம் நாட்டுச்சக்கரை கரைச்சுத் தாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?” என்று பின்னால் பார்த்துச் சொன்னாள். ஒருவர் டம்ளரும் சர்க்கரை டப்பாவுமாக வந்தார்.

அன்புக்கரசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தாள். “உதய், நான் உங்க அக்கா அனுப்பி வந்திருக்கறேன். பாப்பாவுக்குச் சக்கரை வியாதி. காலைல ஊசி போட்டிருக்குது.”

உதய்க்கு அது காதில் ஏற ஒரு நிமிடம் பிடித்தது. ஏறியதும் பாய்ந்து சர்க்கரை டப்பாவைத் தட்டிவிட்டான். டப்பா உருண்டு, பழுப்புச் சர்க்கரை வாசலெல்லாம் சிதறியது.

“சக்கரை வியாதிங்கறீங்க, சக்கரையக் குடுக்கப் போறீங்க. கொன்னு போட்டுருவீங்க போல.”

கூட்டம் அவன் பக்கம் சேர்ந்தது. “ஆமாங்க, எங்க அய்யனுக்குக் காப்பில ஒரு சிட்டிகை போட்டாலே ஏறிக்கும்” என்றார் வெங்காயக்காரர். உம்மல் குல்சும் கையில் வாங்கிய டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். ஆல்வினும் அக்காவின் முழங்கையைத் தொட்டான். “அக்கா, ஆம்புலன்ஸ் வரட்டுமே. தப்பாயிருச்சுன்னா?”

இந்த இடத்தில் அன்புக்கரசிக்கும் பயம்தான். அவள் டாக்டர் இல்லை. அவளிடம் இருந்தது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு தாய் சொன்ன நாலு வார்த்தை. அந்தத் தாய் ஆறு மாதமாக இரவும் பகலும் இதையே நினைத்துக்கொண்டிருப்பவள். இங்கே நிற்கும் பத்துப் பேரும் இப்போதுதான் கேள்விப்பட்டவர்கள்.

“உங்க அய்யனுக்கு ஏறுது. இவளுக்கு இறங்கிப்போச்சு” என்றாள். “ஊசி ஏத்தினதுக்குச் சோறு போகலை. உதய், என்ற மேல நம்பிக்கை வேண்டாம். உங்க அக்கா சொன்னது. கைய எடுங்க.”

உதய் கையை எடுத்தான்.

அன்புக்கரசி டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்தாள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரல் நுனியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். ஈறில் தேய்த்தாள். மறுபடி வழித்தாள். தண்ணீர் கொடுக்க வந்தவரைத் தடுத்தாள். “முழுங்க மாட்டா. புரை ஏறீரும்.”

தோட்டத்து மோட்டார் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். உம்மல் குல்சும் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. உதய் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அன்புக்கரசியின் விரலை ஏதோ தொட்டது. நாக்கு.

சின்ன நாக்கு, சர்க்கரையைத் தேடி வந்து தொட்டது. பிறகு ஒரு முறை விழுங்கியது. கண் மெல்ல ஓரிடத்தில் நின்று, மேலே தெரிந்த உம்மல் குல்சுமின் முகத்தைப் பார்த்தது.

“நீங்க யாரு?” என்றாள் ஹாரிகா.

“நான் தார் சுத்தறவ, கண்ணு” என்றாள் உம்மல் குல்சும். அழுதுகொண்டே சொன்னாள்.

இப்போது டம்ளரில் கரைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். யாரோ வீட்டிலிருந்து சோறும் தயிரும் கொண்டுவந்தார்கள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஆல்வின் வழிகாட்ட ஓடினான்.

அன்புக்கரசியின் போன் அடித்தது. கவின். ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தாள். இரண்டு கையும் சர்க்கரை.

“கெடைச்சாச்சுங்களா?”

“கெடைச்சாச்சு. கண் முழிச்சுட்டா. ஆம்புலன்ஸ் வருது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு குரல் தாழ்ந்தது. “ஏனுங்க, அவளுக்கு என்னன்னு அங்க யாருக்கும் தெரியாதில்ல?”

அன்புக்கரசி பதில் சொல்வதற்குள் உதய் குழந்தையின் முன்னால் மண்டியிட்டிருந்தான்.

“பசிக்குது மாமான்னு ரெண்டு வாட்டி சொன்னியே கண்ணு. நான்தான் சாமி கும்பிட்டுச் சாப்பிடலாம்னு சொல்லிப்போட்டேன். ஊசி போட்டிருக்குது, சாப்பிட்டே ஆகோணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

ஹாரிகா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். பத்துப் பேரையும் பார்த்தாள். மாமனின் காதருகில் வந்து, தான் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அப்பா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. செத்தாலும் சொல்லக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கியிருக்காங்க.”

தரையில் கிடந்த போன் அணையவில்லை. அதன் வழியாக, சூலூரில் ஒரு ஆண் அழும் சத்தம் அந்தத் தறிக்குடோன் வாசலில் கேட்டது.